உடம்பும் அதன் ஒருசீர்த்திடநிலையும்: வகுப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பு மாவட்டத்தில் களுவாஞ்சிக்குடிப் பக்கம் பின்னேர வகுப்பில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். சாதாரண தரப் பிள்ளைகளும் வருவார்கள், உயர்தரத்தில் உயிரியல் எடுத்தவர்களும் வருவார்கள். பிள்ளையைக் கூட்டிப்போக வரும் தாய்மார் வாசலில் நின்றபடி ஒன்றிரண்டு கேட்பார்கள். மனித உடல் பாடம் தொடங்கினால் ஒவ்வொரு வருடமும் ஏறத்தாழ இதே கேள்விகள்தான் வரும். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே போட்டிருக்கிறேன். வரிசையாக வாசித்தால் நல்லது. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னவற்றில் தங்கி நிற்கின்றன.

டீச்சர், கலம், இழையம், அங்கம், தொகுதி எண்டு நாலு சொல் கிடக்கு. எல்லாம் உடம்புதானே, ஏன் நாலு?

ஒரே பொருளை நாலு தூரத்தில் நின்று பார்ப்பதுபோல் நினையுங்கள். சந்தையில் ஓர் ஆட்டு இதயம் வாங்கி வந்து தட்டில் வைத்து வெட்டிக் காட்டுவேன். கையில் எடுத்தால் அது ஓர் அங்கம். வெட்டினால் சிவந்த தசையிழையம், உள்ளே வழவழப்பான மேலணியிழையம், வால்வுகளை இழுத்துப் பிடிக்கும் வெள்ளை நூல்களில் தொடுப்பிழையம் எல்லாம் தெரியும். நரம்பிழையமும் உண்டு, ஆனால் அது வெறுங்கண்ணுக்குத் தெரியாது. அந்தத் தசையை நுணுக்குக்காட்டியில் பார்த்தால் கலங்கள். இதயத்தைக் குருதிக் குழாய்களோடும் குருதியோடும் சேர்த்துப் பார்த்தால் சுற்றோட்டத் தொகுதி.

அந்த இதயத்தில் பிள்ளைகளின் விரலை வைத்து ஒன்றைத் தொட்டுப் பார்க்கச் சொல்வேன். இடது இதயவறையின் சுவர் வலதைவிட இரண்டு மூன்று மடங்கு தடிப்பு. வலது பக்கம் குருதியை அருகிலிருக்கும் நுரையீரலுக்குத் தள்ளினால் போதும். இடது பக்கம் உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை தள்ள வேண்டும். செய்யும் வேலைக்கு ஏற்ற அமைப்பு. உடற்கூற்றியலில் எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். தெரியாத அங்கம் ஒன்றைப் படத்தில் கண்டாலும் அதன் வேலையை ஊகிக்க இது உதவும்.

மொத்தம் எத்தனை தொகுதி? ஒரு புத்தகத்தில 10, இன்னொண்டுல 11. எதை எழுதினா சரி?

பொதுவாக 11 என்று எண்ணுவார்கள்: தோல், வன்கூடு, தசை, நரம்பு, அகஞ்சுரக்கும் தொகுதி, சுற்றோட்டம், நிணநீர், சுவாசம், சமிபாடு, சிறுநீர், இனப்பெருக்கம். வன்கூட்டையும் தசையையும் ஒன்றாகச் சேர்த்தால் 10 ஆகும். நிர்ப்பீடனத்தை, அதாவது நோயெதிர்ப்பை, தனியாகப் பிரித்தால் 12 ஆகும். பரீட்சைக்கு உங்கள் பாடநூல் சொல்வதையே எழுதுங்கள்.

எண்ணிக்கை நாம் படிப்பதற்கு வசதியாகப் போட்டது. உடம்பில் அப்படி வேலி கிடையாது. சதையி சமிபாட்டுச் சாற்றையும் சுரக்கிறது, இன்சுலினையும் சுரக்கிறது. அது எந்தத் தொகுதி? இரண்டும்தான்.

நாடி, நாளம் எண்டு நீங்க படிப்பிக்கிறீங்க. யூடியூப்ல தமனி, சிரை எண்டுறாங்க. எது சரி?

இரண்டும் சரி. நம்முடைய பாடநூலில் நாடி, நாளம், கலம், இழையம், சதையி. தமிழ்நாட்டுப் பாடநூலில் தமனி, சிரை, செல், திசு, கணையம். இதயத்திலிருந்து வெளியே கொண்டுபோவது நாடி, இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவருவது நாளம். 'நாடியில் சுத்தக் குருதி, நாளத்தில் அசுத்தக் குருதி' என்று பாடமாக்கினால் நுரையீரல் நாடியில் சறுக்குவீர்கள். அதில் ஒட்சிசன் குறைந்த குருதிதான் ஓடுகிறது. திசையை வைத்துப் படியுங்கள்.

ஒரு பிள்ளை இந்திய வீடியோ ஒன்றில் 'நாளமில்லாச் சுரப்பி' என்று கேட்டுவிட்டு, நாளங்கள் இல்லாத சுரப்பி என்று எழுதி வைத்திருந்தாள். அங்கே 'நாளம்' என்பது சுரப்பியின் கான், அதாவது சுரப்பதைக் கொண்டுபோகும் குழாய். கான் இல்லாமல் நேரே குருதிக்குள் சுரப்பது என்று பொருள். நாம் அகஞ்சுரக்கும் சுரப்பி என்கிறோம். அவள் சொல்லைப் பிரித்துப் பார்த்த விதம் சரிதான், சொல்தான் வேறு ஊர்ச் சொல். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் கிறீன் என்ற அமெரிக்க மிஷன் வைத்தியர் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே தமிழில் மருத்துவம் படிப்பித்து, உடற்கூற்று நூலையும் தமிழில் கொண்டுவந்தவர். தமிழில் உடம்பைப் படிப்பது நமக்குப் புதிதல்ல. இரண்டு சொற்களையும் அருகருகே எழுதிவைத்துப் படித்தால் குழப்பம் வராது.

கையில தெரியுற நாளம் நீலமா இருக்கே. அதுக்குள்ள நீல ரத்தமா ஓடுது?

இல்லை. ஒட்சிசன் நிறைந்தது பிரகாசமான சிவப்பு, குறைந்தது கருஞ்சிவப்பு. மனிதக் குருதி ஒருபோதும் நீலமாவதில்லை. தோலினூடாக ஒளி போய்த் திரும்பும் விதத்தால் நாளம் நமக்கு நீலமாகத் தெரிகிறது. இரத்ததான முகாமுக்குப் போனால் பையைப் பாருங்கள். அது நாளத்திலிருந்து எடுத்த குருதிதான்.

நித்திரையில மூச்சு விட மறந்திட்டா என்ன நடக்கும்?

மறக்க முடியாது. மூச்சை நீங்கள் நினைவு வைத்திருக்கத் தேவையில்லை. மூளையின் அடியிலுள்ள நீள்வளையமையவிழையம் அந்த வேலையை இராப்பகலாகப் பார்க்கிறது. அது முக்கியமாக உணர்வது ஒட்சிசன் குறைவதை அல்ல, காபனீரொட்சைட்டு கூடுவதை. மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தால் ஒரு கட்டத்தில் தாங்க முடியாமல் வருகிறதே, அந்த முட்டல் காபனீரொட்சைட்டின் வேலை.

இதை நான் பொடியன்மாருக்குக் கட்டாயம் சொல்வேன். வாவியில் யார் கூடநேரம் மூழ்கியிருப்பது என்று போட்டி போடுவார்கள். மூழ்கும் முன் வேகவேகமாக மூச்சிழுத்து விடுவார்கள். அதனால் ஒட்சிசன் அவ்வளவாகக் கூடுவதில்லை, காபனீரொட்சைட்டுத்தான் குறைகிறது. அப்போது 'மேலே வா' என்ற எச்சரிக்கை பிந்துகிறது. அது வருமுன் ஒட்சிசன் தீர்ந்து தண்ணீருக்குள்ளேயே மயங்கிவிடலாம். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் இப்படித்தான் இறக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள்.

ஒருசீர்த்திடநிலை எண்டா என்ன? பேரைக் கேட்டாலே விளங்காத மாதிரி இருக்கு.

வெளியே என்ன மாறினாலும் உடம்பு தன் உட்சூழலைக் கிட்டத்தட்ட ஒரே அளவில் வைத்துக்கொள்வது. உடல் வெப்பம் 37 பாகை செல்சியஸை ஒட்டி, வெறுவயிற்றில் குருதிக் குளுக்கோசு டெசிலீற்றருக்கு 70 முதல் 100 மில்லிகிராம் வரை, குருதியின் அமில கார அளவான பி.எச். 7.35 முதல் 7.45 வரை. உட்சூழல் என்ற எண்ணத்தை 19ஆம் நூற்றாண்டில் பிரான்சின் குளோட் பேர்னாட் முன்வைத்தார். இன்று நாம் ஒருசீர்த்திடநிலை என்று மொழிபெயர்க்கும் 'ஹோமியோஸ்டேசிஸ்' என்ற சொல்லை 1926இல் அமெரிக்கரான வோல்ற்றர் கனன் உண்டாக்கினார்.

வட்டையில், அதாவது வயல்வெளியில், தண்ணீர் கட்டுகிறவரைப் பாருங்கள். வயலில் தண்ணீர் கூடினால் வரம்பிலுள்ள நீர்வழியான வக்கடையை வெட்டி வடிய விடுவார், குறைந்தால் அடைப்பார். வரம்பில் நடந்து நடந்து பார்த்துக்கொண்டே இருப்பார். அவர் ஒருவரே செய்யும் வேலையை உடம்பில் மூன்று பேர் பங்கிட்டுச் செய்கிறார்கள்: அளவைப் பார்க்கும் வாங்கி, முடிவெடுக்கும் மையம், வேலை செய்யும் விளைவுகாட்டி. மாற்றம் எந்தப் பக்கம் போனாலும் அதற்கு எதிர்ப்பக்கம் இழுப்பதால் எதிர்ப் பின்னூட்டல் என்கிறோம். பலரும் 'மாறாமல் இருப்பது' என்று எழுதி ஒரு புள்ளியை இழக்கிறார்கள். தண்ணீர் மட்டம் வயலில் எப்போதும் கொஞ்சம் ஏறி இறங்கிக்கொண்டுதான் இருக்கும். ஒரு எல்லைக்குள் நிற்கிறது என்பதே சரி.

எலுமிச்சந்தண்ணி கூடக் குடிச்சா ரத்தம் அமிலமாகுமா?

ஆகாது. குருதியில் உள்ள தாங்கற் பொருட்கள் உடனே சமப்படுத்தும். நுரையீரல் காபனீரொட்சைட்டை வெளியேற்றி நிமிடக் கணக்கில் சரிசெய்யும். சிறுநீரகம் மணி, நாள் கணக்கில் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். முன்னே சொன்ன மூச்சுக் கட்டுப்பாடு இந்த வேலையும் செய்கிறது என்பதைக் கவனியுங்கள்.

கச்சான் காத்துக்கு வியர்வையே வராத மாதிரி இருக்கு. மாரியில கொஞ்சம் வேலை செஞ்சாலும் ஒழுகுது. ஏன்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. கேட்டவர் ஒரு தாய், மகளுக்காகக் காத்து நின்றவர். பதிலுக்கு வகுப்பு மூலையில் இருந்த மண்பானையைக் காட்டினேன். பானையின் வெளிப்பக்கம் தொட்டால் ஈரமாகக் குளிர்ந்திருக்கும். சுவரினூடாகக் கசியும் தண்ணீர் ஆவியாகும்போது உள்ளிருக்கும் தண்ணீரின் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. கச்சான் அடிக்கும் நாளில் பானைத் தண்ணீர் சில்லென்று இருப்பதும், அடைமழை நாளில் அவ்வளவு குளிராமல் இருப்பதும் நம் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்தது.

நம் தோலும் அப்படித்தான். கச்சான் என்பது தென்மேற்குக் காற்று. அது மலைநாட்டின் மேற்குப் பக்கத்தில் மழையைக் கொட்டிவிட்டு, வறண்டு சூடாகி நம் பக்கம் இறங்குகிறது. அந்த வறண்ட காற்றில் வியர்வை வந்த கையோடு ஆவியாகிவிடும். வியர்க்கவில்லை என்று நினைப்பீர்கள், ஆனால் சட்டையில் உப்புக் கோடு வெள்ளையாகப் படிந்திருக்கும். மாரியில் காற்று முழுக்க ஈரம். வியர்வை ஆவியாக இடமில்லாமல் வழிகிறது. வழிந்து நிலத்தில் விழும் வியர்வை உடம்பைக் குளிர்விப்பதில்லை. ஆவியாவதுதான் குளிர்விக்கிறது. ஒரு லீற்றர் வியர்வை முழுவதும் ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பம் போகும். 30 பாகையிலுள்ள எட்டு லீற்றர் தண்ணீரைக் கொதிக்க வைக்க அவ்வளவு வெப்பம் தேவை.

ஆகவே கச்சான் காலத்தில்தான் கூடுதல் கவனம் வேண்டும். இழப்பது கண்ணுக்குத் தெரியாது. சிறுநீர் கடும் மஞ்சளாகப் போனால் தண்ணீர் போதவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கதிர்காமத்துக்கு நடந்து போகக்க தண்ணிப் போத்தல் கொண்டு போனா காணாதா? உப்பும் வேணும் எண்டுறாங்களே?

உகந்தை தாண்டிக் குமண, யால காட்டுவழி நடப்பவர்களும், வெயிலில் வெள்ளாமை வேலை செய்பவர்களும் வியர்வையோடு உப்பையும் இழக்கிறார்கள். குருதியில் சோடியம் லீற்றருக்கு 135 முதல் 145 மில்லிமோல் வரை இருக்க வேண்டும். மணிக்கணக்காக வியர்த்துவிட்டு வெறும் தண்ணீரை மட்டும் அளவுக்கு மீறிக் குடித்தால் இந்த அளவு இறங்கும். நீர் கலங்களுக்குள் புகுந்து மூளை வீங்கினால் தலையிடி, வாந்தி, குழப்பம், சில வேளை வலிப்பு. உப்புப் போட்ட கஞ்சி, மோர், கரைத்த ஜீவனி (உப்பும் சீனியும் சேர்ந்த தூள்) ஆகியவை இதற்காகத்தான். பிரசர், சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் உப்பைப் பற்றித் தங்கள் டொக்டரிடம் முதலில் கேட்க வேண்டும்.

உடம்பு தன் பங்கைச் செய்துகொண்டுதான் இருக்கும். குருதி செறிவானால் மூளையிலுள்ள பரிவகக்கீழ் என்ற பகுதி அதை உணர்ந்து தாகத்தை உண்டாக்கும். கபச்சுரப்பியிலிருந்து ஏ.டீ.எச். என்று நீங்கள் எழுதும் ஓமோன் வெளிவரும். சிறுநீரகம் நீரைத் திருப்பி உறிஞ்சும், சிறுநீர் குறையும். வக்கடை அடைபட்டுவிட்டது.

காய்ச்சல் வந்தா ஒருசீர்த்திடநிலை குழம்பிப் போச்சு எண்டுதானே அர்த்தம்?

பலரும் இங்கேதான் பிழைவிடுகிறார்கள். பெரும்பாலான காய்ச்சலில் கட்டுப்பாடு குழம்புவதில்லை, குறித்த அளவு மாற்றப்படுகிறது. வயல் தண்ணீரை மேற்பார்க்கும் வட்டைவிதானையார் வந்து 'இந்தக் கிழமை இன்னும் நாலு விரல் தண்ணீர் நிற்கட்டும்' என்று சொன்னால், அதுவரை போதுமாக இருந்த மட்டம் இப்போது குறைவாகிவிடும். கிருமியோடு போராடும் வெண்குழியங்களின் இரசாயனச் செய்தியால் பரிவகக்கீழ் 37ஐ விட்டு 39 என்று குறிக்கிறது. உடம்பு இன்னும் 37இல் நிற்பதால் அதற்குக் குளிராகத் தெரிகிறது. வெயிலிலும் நடுங்குகிறோம், போர்த்திக்கொள்கிறோம். பனடோல் (பரசிற்றமோல்) குறித்த அளவைத் திரும்ப இறக்கும்போது உடம்பு சூடு கூடிப்போனதாக உணர்ந்து வியர்த்துக் கொட்டுகிறது. 'வியர்த்தால் காய்ச்சல் விட்டுவிடும்' என்று அம்மம்மா சொல்வது இதைத்தான்.

வெப்ப அதிர்ச்சி வேறு. அங்கே குறித்த அளவு மாறவில்லை, குளிர்விக்கும் வழிகள் தோற்றுவிட்டன. வெயிலில் நின்றவருக்கு உடல் வெப்பம் 40 பாகையைத் தாண்டிப் பேச்சுத் தடுமாறினால் பனடோல் உதவாது. நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பை நனைத்து விசிறி, உடனே வைத்தியசாலைக்கு. மயங்கியவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. இன்னொன்று: நம் பகுதியில் டெங்கு இருப்பதால் காய்ச்சலுக்கு அஸ்பிரின், ஐபுபுறூபன் தாமாக வாங்கிக் கொடுக்காதீர்கள். குருதிக் கசிவைக் கூட்டும்.

நோன்பு பிடிக்கிற நாளையில பகல் முழுக்கச் சாப்பிடல்ல. அப்பயும் ஏன் சீனி இறங்கி விழல்ல?

காத்தான்குடியிலிருந்து வரும் பிள்ளை ஒருத்தி நோன்போடு வகுப்பில் இருந்தபடியே கேட்டாள். கந்தசஷ்டி விரதக்காரருக்கும் இதே பதில். விடியுமுன் சஹருக்குச் சாப்பிட்டதும் குளுக்கோசு ஏறுகிறது. சதையி இன்சுலினைச் சுரக்க, மேலதிகக் குளுக்கோசு ஈரலிலும் தசையிலும் கிளைக்கோசனாகச் சேமிக்கப்படுகிறது. நேரம் போகக் குளுக்கோசு இறங்கத் தொடங்கும்போது அதே சதையி குளுக்ககோனைச் சுரக்கிறது. ஈரல் தன் கிளைக்கோசனை உடைத்துக் குருதிக்கு அனுப்புகிறது. ஈரலில் ஏறத்தாழ 100 கிராம் இருக்கும். தசையில் இருப்பது கூட, ஆனால் அது தசையின் சொந்தப் பாவனைக்குத்தான்.

கிளைக்கோசன் குறையக் குறைய உடம்பு கொழுப்பை எரிக்கும், அமினோவமிலம் போன்றவற்றிலிருந்து ஈரல் புதிதாகக் குளுக்கோசு செய்யும். நோன்பு திறந்து பேரீச்சம்பழமும் கஞ்சியும் உள்ளே போனதும் பழையபடி இன்சுலின். இன்சுலின் ஊசி போடுபவர்களுக்கும் சில சீனி மாத்திரைகள் எடுப்பவர்களுக்கும் இது பொருந்தாது. மருந்து தன்பாட்டில் சீனியை இறக்கிக்கொண்டே இருக்கும். நோன்புக்கு முன்பே டொக்டரைக் கண்டு அளவை மாற்றிக்கொள்ள வேண்டும்.

சீனி வருத்தக்காரருக்கு ஏன் அடிக்கடி சலம் போகுது, தாகம் எடுக்குது?

நம் இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து ஒரு நாளில் ஏறத்தாழ 180 லீற்றர் பாய்பொருளை வடிக்கின்றன. வெளியே போவது ஒன்றிரண்டு லீற்றர்தான். மிச்சமெல்லாம் திரும்ப உறிஞ்சப்படுகிறது. குளுக்கோசு முழுவதும் திரும்பிவிடும், ஆனால் அதற்கு ஓர் எல்லை உண்டு. குருதியில் டெசிலீற்றருக்கு ஏறத்தாழ 180 மில்லிகிராமைத் தாண்டினால் உறிஞ்சி முடியாமல் சிறுநீரில் போகும். அது பிரசாரணத்தால், அதாவது செறிவு கூடிய பக்கம் நீர் இழுபடுவதால், நீரையும் இழுத்துக்கொண்டு போகிறது. நீர் போனால் குருதி செறிவாகும், பிறகு தாகம், மேலே பாதயாத்திரைக் கேள்வியில் சொன்னபடி. சிறுநீர் கழித்த இடத்தில் எறும்பு மொய்ப்பதை வைத்து நம் பழைய வைத்தியர்கள் இந்த நோயை அறிந்தார்கள். 1921இல் கனடாவின் ரொறன்ரோவில் பான்ரிங், பெஸ்ற் இருவரும் இன்சுலினைப் பிரித்தெடுக்கும் வரை, முதலாம் வகை நீரிழிவு வந்த பிள்ளைகளைக் காப்பாற்ற வழியிருக்கவில்லை.

எதிர்ப் பின்னூட்டல் கெட்டது, நேர்ப் பின்னூட்டல் நல்லது, அப்படித்தானே?

இல்லை. எதிர், நேர் என்பது திசை மட்டும். எதிர் என்றால் மாற்றத்தைத் திருப்புவது, நேர் என்றால் அதே பக்கம் மேலும் தள்ளுவது. நாள்தோறும் நம்மை உயிரோடு வைத்திருப்பது பெரும்பாலும் எதிர்ப் பின்னூட்டல்தான்.

நேர்ப் பின்னூட்டலை விளங்க, வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்துக்குப் போகலாம். மாரி வெள்ளத்தில் வாவி நிரம்பினால் மணல்மேட்டை வெட்டிக் கடலோடு சேர்ப்பார்கள். 2011 தை மாதப் பெருவெள்ளத்தைக் கண்ட பெற்றோரைக் கேட்டுப் பாருங்கள், வெள்ளமென்றால் முகத்துவாரத்தின் நினைவுதான் முதலில் வரும். முதலில் சின்ன வாய்க்கால்தான். தண்ணீர் ஓட ஓட மணல் அரிந்து வாய் அகலும், அகல அகல ஓட்டம் கூடும். வாவி மட்டம் கடலோடு சமமானதும் தானே அடங்கிவிடும். பிரசவமும் இப்படித்தான். பிள்ளையின் தலை கருப்பைக் கழுத்தை அழுத்த, ஒட்சிற்றோசின் என்ற ஓமோன் சுரக்க, கருப்பை சுருங்க, தலை இன்னும் அழுத்தும். பிள்ளை பிறந்ததும் நின்றுவிடும். காயத்தில் குருதி உறைவதும் இதே வகை. நேர்ப் பின்னூட்டல் கேள்வி வந்தால் அதை முடித்துவைப்பது எது என்று சேர்த்து எழுதுங்கள். பலர் அதை விட்டுவிடுகிறார்கள்.

எங்கட அப்பப்பாவுக்குப் பழுதானது சிறுநீரகம். ரத்தம் குறைஞ்சிட்டு, எலும்பு பலவீனம் எண்டெல்லாம் சொல்றாங்க. அதுக்கும் இதுக்கும் என்ன தொடர்பு?

கிழமைக்கு இரண்டு மூன்று தடவை குருதி சுத்திகரிப்புக்குப் போகும் ஒருவரின் பேரன் கேட்டது. சிறுநீரகம் வடிகட்டி மட்டும் அல்ல. குருதியில் ஒட்சிசன் குறைவதை உணர்ந்து எரித்திரோபொயற்றின் என்ற ஓமோனைச் சுரக்கிறது. அந்தச் செய்தி எலும்புக்குள் இருக்கும் என்பு மச்சைக்குப் போனால்தான் செங்குழியங்கள் போதிய அளவு உருவாகும். ஒரு செங்குழியம் ஏறத்தாழ 120 நாள்தான் வாழும் என்பதால் புதியவை வந்துகொண்டே இருக்க வேண்டும். செய்தி நின்றால் சில மாதங்களில் குருதிச்சோகை.

விற்றமின் டியைச் செயற்படும் வடிவத்துக்கு மாற்றும் கடைசிப் படியும் சிறுநீரகத்தில்தான் நடக்கிறது. அது இல்லாவிட்டால் குடலில் கல்சியம் உறிஞ்சப்படுவது குறையும். குருதியில் கல்சியத்தைச் சரியான எல்லைக்குள் வைக்க உடம்பு என்பிலிருந்து எடுக்கும். குருதியின் அளவைக் காப்பாற்றுவதற்கு என்பு கொடுக்கும் விலை அது. பிரசரும் ஏறும், ஏனென்றால் உப்பையும் நீரையும் ஒழுங்காக்கும் வேலையும் நின்றுவிட்டது.

அந்தப் பையன் மறுகிழமை வந்து, அப்பப்பாவுக்குப் போடும் ஊசியின் பெட்டியை வாசித்துப் பார்த்தேன், நீங்கள் சொன்ன எரித்திரோபொயற்றின்தான் எழுதியிருக்கிறது என்றான். கொப்பியைத் திறந்து சிறுநீரகத்திலிருந்து என்பு மச்சைக்குத் தானே ஓர் அம்புக்குறி போட்டுக் காட்டினான்.